பள்ளியை நிறுத்தலாமா?

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. தினமும் அழுதுகொண்டேதான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். அவளை நிறுத்திவிட்டு வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கணவருக்குச் சம்மதம். ‘நாலு பேரோடு பழகத் தெரியாமல் போய்விடும்’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சட்டத்தில் இடமுண்டா என்பதும் தெரியவில்லை.
ச.

அன்புள்ள ச.,

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. ஜெர்மனியில் இதற்கு அநேகமாக வழியே இல்லை. மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒரு குடும்பம் தொடுத்த வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்துவிட்டது. அமெரிக்காவிலோ 50 மாநிலங்களிலும் செய்யலாம், விதிகள்தான் வேறுபடும். உங்கள் நாட்டு விதியை விசாரியுங்கள். பிற்பாடு பொதுத்தேர்வு எழுத என்ன வழி என்பதையும் சேர்த்து.

பழகுவதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. ஒரே வயதுக்காரர்களை மட்டும் ஓர் அறையில் உட்காரவைக்கும் ஏற்பாடு பள்ளியோடு முடிந்துவிடுகிறது. விளையாட்டு, இசை, நூலகம் என்று போனால் எல்லா வயதிலும் நட்பு கிடைக்கும். ஆனால் கூட்டிக்கொண்டு அலைய வேண்டியது நீங்கள்தான்.

என் கவலை வேறு. இன்று டீச்சர் திட்டினால் அவள் உங்களிடம் வந்து முறையிடலாம். நாளை வகுத்தல் கணக்கு வராமல் உங்களிடமே திட்டு வாங்கினால் யாரிடம் போவாள்? அடுத்தவர் பிள்ளையிடம் இருக்கும் பொறுமை, பெற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போது நம்மில் பலருக்கு இருப்பதில்லை. அதனால் உங்களுக்குள் அதிகம் சண்டை வரும் பாடத்தை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். கணவருக்குச் சம்மதம் என்கிறீர்கள், சரி. அவர் எந்தப் பாடம் எடுப்பார்?

அப்புறம், வீட்டில் கால அட்டவணை ஒட்டி மணியடிக்காதீர்கள். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிகளைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை போன பிறகு, 1977இல் வீட்டுக்கல்விக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருவது அவருக்குப் பிடிக்காது. ஒருத்திக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும், மிச்ச நேரத்தை அவளிடமே விடுங்கள்.

அவள் ஏன் அழுகிறாள் என்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் முதலில் பள்ளியிடம் பேசுங்கள், சரிவராவிட்டால் வேறு பள்ளி பார்க்கலாம். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் சிரமம் இருந்தால் அது வீட்டுக்கும் கூடவே வரும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம்தான் காட்ட வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.