பரணில் கிடக்கும் கிரில் சாமான்கள்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? (கேள்வி பதில்)

இறைச்சி வாட்டுகிற கிரில் அடுப்போடு ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு தரம் எடுத்துவிட்டு மறந்துபோன சாமான் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அதைப் பற்றிக் கேளுங்கள். கேஸ் கசிவு, ரெகுலேட்டர் கோளாறு மட்டும் இங்கே வேண்டாம், அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கே: ரொட்டிசெரி செட், அதாவது கோழியைக் கம்பியில் கோத்து மோட்டாரால் சுற்றவிட்டு வாட்டுகிற சாமான், மூன்று வருடமாகக் கிடக்கிறது. இரண்டே முறைதான் மாட்டினேன். கொடுத்துவிடலாமா சார்?

எத்தனை முறை என்ற கணக்கை விடுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் இறக்குகிற அண்டாவை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஏன் எடுக்கவில்லை என்று யோசியுங்கள். ரொட்டிசெரியில் பெரும்பாலும் மாட்டுகிற தொல்லைதான் காரணம். கிரில் தட்டுகளைக் கழற்ற வேண்டும், மோட்டார் தாங்கியை முடுக்க வேண்டும். எல்லாம் ஆனபிறகு, கோழியைக் கம்பியோடு பிடித்து நிறுத்துகிற முள்ளை இறுக்குகிற திருகைக் காணோம்.

இன்னொன்று, அந்த இரண்டு தடவையும் அது சரியாகச் சுற்றியிருக்காது. கோழியைக் கம்பியில் கோத்ததும் நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். காலையும் இறக்கையையும் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, கம்பியின் இரு முனைகளையும் உள்ளங்கைகளில் லேசாகத் தாங்குங்கள். கனமான பக்கம் தானாகப் புரண்டு கீழே வரும். முள்ளைத் தளர்த்தி, கோழியை நகர்த்தி, எப்படித் திருப்பிவிட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கிறவரை சரிசெய்யுங்கள். செட்டில் எடைக்கட்டி இருந்தால் அது கனமான பக்கத்துக்கு எதிரே நிற்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மோட்டார் ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் கோழி சடக்கென்று புரளும். பல்சக்கரம் தேய்வது இப்படித்தான்.

இப்போது மோட்டாரை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். ஓடினால், திருகுகளும் எல்லாம் இருந்தால், ஒரே பெட்டியில் போட்டுக் கிரில் பக்கத்திலேயே வைத்து ஒரு தரம் சமையுங்கள். அதற்கப்புறமும் கை அந்தப் பெட்டிப் பக்கம் போகாவிட்டால் கொடுத்துவிடலாம். கோழியின் முதுகெலும்பை வெட்டியெடுத்து, விரித்து, நெருப்பில்லாத பக்கம் வைத்து மூடினால் இன்னும் சீக்கிரமே வெந்துவிடும். தொடையிலும் மார்பிலும் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். சுற்றச் சுற்றக் கொழுப்பு தோல் மேலேயே உருண்டோடுகிற அழகு அதில் கிடைக்காது, அவ்வளவுதான்.

கே: பீட்சா கல் முழுக்கக் கறுத்துவிட்டது. போய்விட்டதா?

இல்லை. கறை கல்லைக் கெடுக்காது. சோப்பு போடாதீர்கள், ஈரத்தோடு சூடேற்றாதீர்கள். கொதிக்கிற கிரில்லில் குளிர்ந்த கல்லை வைத்தால் விரிசல் விடும்.

கே: நான்ஸ்டிக் காய்கறித் தட்டு, பூச்சு கொஞ்சம் உரிந்திருக்கிறது.

குப்பையில் போடுங்கள். டெஃப்லான் வகைப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், மூடிய கிரில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். போடும்போது, கிரில்லோடு வந்த கம்பி பிரஷ்ஷையும் சேர்த்துப் போடுங்கள். நீங்கள் கேட்கவில்லை, தெரியும்.

கே: ஏன், கம்பி பிரஷ் என்ன செய்தது?

உதிர்ந்த ஒரு கம்பி இறைச்சியில் ஒட்டி, தொண்டையிலோ குடலிலோ குத்தும். 2012-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இப்படிக் காயப்பட்டவர்களைப் பற்றி எழுதியது. அலுமினியத் தாளைக் கசக்கி இடுக்கியில் பிடித்துத் தேயுங்கள்.

கே: கேஸ் கிரில்லுக்குப் புகைப்பெட்டி வாங்கினேன். மரச்சீவலை ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போட்டும் வாசனையே ஏறவில்லை. வீண்தானே?

பத்து நிமிடத்தில் வேகிற துண்டுகளுக்கு வீண். கேஸ் கிரில்லின் பின்பக்கம் திறப்பு இருக்கும், புகை அந்த வழியே போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடிவைத்துச் சமைப்பவர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊறவைக்காதீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துத் தீருகிறவரை மரம் புகையாது. முதலில் வெள்ளையாக வருவது பெரும்பாலும் ஆவிதான்.

கே: இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. இருபது வருடமாக ஊறப்போடுகிறேன். காய்ந்த சீவல் குப்பென்று பற்றிக்கொள்கிறது.

பற்றுவது காற்றால். பெட்டியின் மூடியைச் சரியாக மூடுங்கள். உங்கள் மரத்துண்டு ஒன்றை ராத்திரி ஊறவைத்துக் காலையில் உளியால் பிளந்து பாருங்கள். நான் பிளந்தேன். ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு ஈரக் கறுப்பு, நடுவே முந்தைய நாள் இருந்த அதே வெளிர் நிறம், தொட்டால் காய்ந்த மரம். மரத்துக்குள் தண்ணீர் அவ்வளவு சுலபமாக இறங்கும் என்றால் படகு எப்படி மிதக்கும்?

கே: படகுக்குத் தார் பூசுவார்கள். துண்டு வேறு, சீவல் வேறு. மெல்லிய சீவல் குடிக்கும்.

சீவல் கொஞ்சம் குடிக்கும், சரி. அப்போதும் என்ன லாபம்? புகை பத்து நிமிடம் தாமதமாக வரும், அவ்வளவே. மெதுவாகப் புகைய வேண்டுமானால் சீவலுக்குப் பதில் கட்டையாகப் போடுங்கள்.

கே: நானும் ஊறத்தான் போடுவேன். பழக்கம்.

பழக்கம் என்றால் பேச்சே இல்லை. அடுத்தவர்.

கே: ஊறவைக்கத் தண்ணீருக்குப் பதில் பழச்சாறு ஊற்றினால்?

ஐயா, தண்ணீரே இறங்கவில்லை என்கிறேன்!

கே: வார்ப்பிரும்புத் தட்டு துருப்பிடித்துவிட்டது.

வார்ப்பிரும்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். துருவைத் தேய்த்தெடுத்து, கழுவி, சூடாக்கி முழுக்க உலர்த்துங்கள். எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, மூடிய கிரில்லில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். எண்ணெய் தங்கினால் பிசுபிசுக்கும். இதற்கு மட்டும் துரு தேய்க்கக் கம்பி பிரஷ் எடுக்கலாம். பிறகு கழுவாமல் சமைத்துவிடாதீர்கள்.

கே: மூடியிலேயே வெப்பமானி இருக்கிறதே, குத்திப் பார்க்கிற வெப்பமானி தனியாக வேண்டுமா?

மூடியில் இருப்பது மூடிக்கடியில் உள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும், இறைச்சிக்குள் என்ன என்று அதற்குத் தெரியாது. குத்துகிறதை வைத்துக்கொள்ளுங்கள். நிறைய ஐஸ் போட்ட தண்ணீரில் 0 டிகிரி காட்டுகிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.

கே: என்னிடமும் ஒரு ரொட்டிசெரி கம்பி சும்மா இருக்கிறது, வைத்துக்கொள்ளலாமா?

முதல் பதில்.

கே: கம்பி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, முள் ஒன்றுதான் இருக்கிறது. சமாளிக்கலாமா?

ஒரே முள்ளில் கம்பி சுற்றும், கோழி சுற்றாது. இன்னொரு முள்ளைத் தேடியெடுத்துவிட்டு வாருங்கள்.