கேளுங்கள், சொல்கிறோம்: பிள்ளைகளும் பாஸ்வேர்டும்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் தன் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறான். கஷ்டமானதாக வைத்தால் மறந்துபோகிறான். என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

கஷ்டமாக வேண்டாம், நீளமாக இருக்கட்டும். பெயரும் பிறந்த வருடமும் அவன் வகுப்புக்கே தெரியும். ஒகேனக்கல், அதியமான் என்று எழுதி 123 சேர்ப்பதும் வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளையின் பாஸ்வேர்டை ஊகிக்க நினைப்பவர் முதலில் அவற்றைத்தான் போட்டுப் பார்ப்பார்.

தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து நான்கு இடங்களில் விரல் வைக்கச் சொல்லுங்கள். விரலுக்குப் பக்கத்தில் உள்ள பெயர்ச்சொல்லைக் குறித்துக்கொள்ளட்டும். குடை, நத்தை, ஏற்றம், வெல்லம் என்று வந்தால், இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது இருபது எழுத்தைத் தாண்டிவிடும். குடை பிடித்த நத்தை ஏற்றத்தில் ஏறி வெல்லம் தின்கிறது என்று மனதில் படம் வந்துவிட்டால் வரிசையும் மறக்காது. (இதையே எடுத்து வைக்காதீர்கள், அச்சில் வந்துவிட்டது.)

பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஸ்பெல்லிங்கில். நத்தைக்கு ஒரு 'டிஎச்' போதுமா, இரண்டா? வெல்லத்துக்கு எத்தனை 'எல்'? இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி அடித்துவிட்டு, பாஸ்வேர்டே மறந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் முதலில் நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாள் காலை, மாலை லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே போகப் பழக்குங்கள். எண்ணும் குறியும் கேட்கும் தளமானால் இரண்டாம் சொல்லுக்குப் பின் சேருங்கள். அந்த நோட்டு வீட்டு பீரோவில் இருப்பதில் தவறே இல்லை. போட்டோ எடுத்து கேலரியில் வைப்பதுதான் ஆபத்து.

இமெயிலுக்கு மட்டுமாவது தனி பாஸ்வேர்டு கட்டாயம். ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்தில் கசிந்ததை அப்படியே இமெயிலிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். இமெயில் போனால் மற்றவற்றையும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று சொல்லி மாற்றிவிடலாம்.

மகளின் கவுன்சிலிங் விண்ணப்பத்துக்காக பிரவுசிங் சென்டரில் ஜிமெயில் தொடங்கித் தந்தார்கள். அதையே தொடரலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

தொடரலாம், ஆனால் இன்றே உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் மீட்பு எண்ணாகச் சென்டர்காரரின் மொபைல் எண் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த எண் யாரிடம் இருக்கிறதோ, அவரால் பாஸ்வேர்டை மாற்ற முடியும்.

உங்கள் சொந்த போனில் கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதிக்குப் போங்கள். மீட்பு எண்ணையும் மீட்பு இமெயிலையும் மாற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் அந்த சென்டர் கம்ப்யூட்டரை வெளியேற்றுங்கள். கடைசியாக இரண்டு படிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டு அடித்த பிறகும் இன்னொரு முறை உறுதி கேட்பது) இயக்குங்கள். ஒரு விஷயம்: எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப கூகுள் முன்வரலாம். அந்த வாரம் பாதுகாப்பு எச்சரிக்கை ஏதும் வந்தால் உடனே திறந்து பாருங்கள்.

மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

வேண்டாம். பழையதன் கடைசியில் 1, 2, 3 என்று மாற்றுவார்கள், அவ்வளவுதான். யாரிடமாவது சொல்லிவிட்டால், அல்லது கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றட்டும்.

என் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை, 'தவறி அனுப்பிவிட்டேன்' என்று கேட்டவரிடம் மகன் சொல்லிவிட்டான். வாட்ஸ்அப் வெளியேறிவிட்டது.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

அவனைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைப்பான். உங்கள் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் புதுக் குறியீட்டை அடித்ததும் அவர் வெளியேறிவிடுவார். அவர் 'பின்' (PIN) எண் வைத்துவிட்டிருந்தால், அது இல்லாமல் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் உறவினர்களுக்கு போன் செய்து, உங்கள் பெயரில் பணம் கேட்டால் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கட்டும்.

கணக்கு திரும்பியதும் அமைப்புகள், கணக்கு, இரண்டு படிச் சரிபார்ப்பு என்று போய் நீங்களே ஒரு 'பின்' எண் வையுங்கள். அது மகனின் பிறந்த தேதியாக இருக்கக் கூடாது.