சனிக்கிழமைகளில் வளாகம்

மதிப்புக்குரிய ஐயா,

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்கு வந்திருக்கும் முதலாம் வருட மாணவி. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி விரிவுரை முடிந்ததும் வவுனியா, மன்னார்ப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். நான் ஊருக்குப் போவதென்றால் வெள்ளி இரவு ஏறி ஞாயிறு பின்னேரமே திரும்ப வேண்டும். அதற்குக் காசும் இல்லை. இரண்டு நாளும் அறையில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடுதிச் சாப்பாடும் ஒத்துவரவில்லை. சுன்னாகத்துப் பிள்ளை ஒருத்திதான் என்னோடு கொஞ்சம் கதைப்பாள். இங்குள்ளவர்களுக்கு எங்களைப் பிடிக்காதோ என்றும் தோன்றுகிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் கேட்கலாமா? இல்லையென்றால், சனி ஞாயிறுகளில் வாசிக்க நல்ல புத்தகங்கள் சொல்லுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

உமது கடிதம் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காலையில் பரமேஸ்வராச் சந்தியிலிருந்து இராமநாதன் வீதி வழியாக நடந்துபோனேன். கிழமை நாட்களில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இடிபடும் அந்த வாசலில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. போட்டோப் பிரதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அன்றிலிருந்து மனதில் கிடந்து உறுத்திய விடயத்தையே நீர் எழுதியிருக்கிறீர்.

சாப்பாட்டு முறைப்பாட்டை விட்டுவிடுகிறேன். விடுதிச் சாப்பாடு எங்கேயும் எவருக்கும் ஒத்துக்கொண்டதாக நான் அறியேன். பஸ் நேரத்தையும் தூரத்தையும் நீரோ நானோ மாற்ற முடியாது. பேச வேண்டியது, உம்மைச் சூழ இத்தனை வீடுகள் இருக்கும்போது நீர் ஏன் தனியே படுத்திருக்கிறீர் என்பதைப் பற்றித்தான்.

பேராதனையை எடுத்துக்கொள்ளும். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து அங்கே குடிபெயர்ந்தபோது, மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமாகவே அது திட்டமிடப்பட்டிருந்தது. விரிவுரை மண்டபங்களோடு விடுதிகளும் சேர்ந்தே எழுந்தன. யாழ்ப்பாணத்தின் கதை வேறு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவராக இருக்க, 1974இல் வளாகம் திறக்கப்பட்டபோது, அது திருநெல்வேலியின் வீடுகளுக்கும் தோட்டக்காணிகளுக்கும் நடுவிலேயே வந்து அமர்ந்தது. விடுதிகள் எப்போதும் பிந்தியும் போதாமலுமே வந்தன. தூரத்துப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்தவை திருநெல்வேலியும் கோண்டாவிலும் கொக்குவிலும்தான். ஆகவே, ஊருக்குள்ளே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் சனிக்கிழமைகளில் வெறிச்சோடிப் போகிறதென்றால், அதற்கு ஊர்தான் பொறுப்பு என்று நான் அடித்துச் சொல்லுவேன்.

எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே கூடப் படித்த சிநேகிதரோடு வளாகத்துக்குள் நுழைகிறார்கள், அதே கூட்டமாகக் கன்டீனில் இருக்கிறார்கள், நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சனிக்கிழமை பலருக்கு ரியூசன் வகுப்பு. முன்பு படிக்கப் போனார்கள், இப்போது படிப்பிக்கப் போகிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒரே அளவியைத் தங்களோடு மாறி மாறிப் பிடிக்கும் பிள்ளை வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலைவரை என்ன செய்கிறாள், எங்கே சாப்பிடுகிறாள் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பிள்ளைகளை மட்டும் ஏசிப் பயனில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஒரு பிள்ளையும் தங்கள் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் பெற்றாரைத்தான் முதலில் ஏச வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு அறையை ஒதுக்கி விருந்து வைக்கத் தெரிந்த எங்களுக்கு, சைக்கிளில் போய்வரும் தூரத்தில் தனித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு பகல் சோறு போட வேண்டும் என்று தோன்றாமல் இருப்பது வெட்கக்கேடு.

நான் பேராதனையில் படித்தவன். அங்கே வார இறுதியிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் நீண்ட விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்தானுக்கு விடுதிச் சுவர்தான் துணை. அப்படியொரு முறை கூடப் படித்த நண்பன், கொட்டகலைக்குப் பக்கத்திலுள்ள தன் தோட்டத்துக்கு என்னைக் கேளாமலே எனக்கும் சேர்த்து ரயில் டிக்கற் எடுத்துவிட்டான். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் அவர்களுக்கு இருந்தது காம்பரா என்ற ஒற்றை அறையும் முன்னாலிருந்த இஸ்தோப்பு என்ற திண்ணையும் மட்டுமே. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்து வந்த அவனுடைய அம்மா, தலைத்துணியைக் கூடப் பிழியாமல் அடுப்பை மூட்டி, கோதுமை மா ரொட்டி சுட்டு, அம்மியில் அரைத்த சம்பலோடு என் கையில் தந்தார். வீட்டிலிருந்த ஒரேயொரு கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, அவனுடைய அப்பா இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தார். கம்பளியும் எனக்குத்தான் வந்தது. அவனுடைய தங்கை இரவு முழுவதும் கடலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கடலையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவளுக்குக் கேள்வி மிச்சமிருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு எங்களைப் பிடிக்காதோ என்று கேட்டிருக்கிறீர். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லி உம்மைத் தட்டிக்கொடுக்க நான் ஆயத்தமில்லை. மலையகத்துப் பிள்ளை என்றால் வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த பிள்ளை என்று மட்டுமே அறிந்த வீடுகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகள் குசினியில் சாப்பிட்டார்கள், குசினியிலேயே படுத்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையக மக்களைக் கூலிக்கு ஆளாகப் பார்த்த கண்ணும் எங்களுடையதுதான். ஆகையால், உம்மை ஒரு வீட்டுக்கு அழைப்பவர்கள் உம்மை முன் அறையில் இருத்தி, தங்கள் பிள்ளையோடு ஒரே மேசையில் சாப்பிட வைக்க வேண்டும். இரக்கப்பட்டுச் சோற்றுப் பார்சல் கொடுத்தனுப்பும் வேலை எனக்குச் சம்மதமில்லை.

இனி உம்மோடு சண்டை. விடுதியில் உமது மாடியிலேயே மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருப்பார்கள். தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக முடியாதவர்களே. கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்து அறைக் கதவைத் தட்டாமல் போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, ஊர் உம்மைக் கவனிக்கவில்லை என்று நீர் குறைப்படுவதை நான் ஏற்கமாட்டேன். நாலு பேர் சேர்ந்தால் குறிகட்டுவானுக்குப் பஸ் எடுத்து, படகில் நயினாதீவுக்குப் போய் வரலாம். கோவிலும் விகாரையும் அங்கே இருக்கின்றன; ஒருவரும் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடலைக் கண்டதில்லை என்று உமது வீட்டில் யாராவது இருந்தால், பார்த்து வந்து சொல்லும்.

மாற்றத்தைப் பற்றி முதலாம் வருடப் பரீட்சை முடியும்வரை நினைக்க வேண்டாம். புத்தகப் பட்டியலை இப்போது தரமாட்டேன். தந்தால் அதையும் படுத்துக்கொண்டே வாசிப்பீர். சுன்னாகத்துப் பிள்ளையிடம், "இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரட்டா?" என்று நேராகக் கேளும். வெட்கப்பட வேண்டியவர் நீரல்ல. போய்வந்து, அங்கே என்ன சமைத்தார்கள், எங்கே இருந்து சாப்பிட்டீர், அவளுடைய அம்மா உம்மிடம் என்னவெல்லாம் கேட்டார் என்று ஒன்றும் விடாமல் எழுதும். பட்டியலை அந்தக் கடிதத்துக்கான பதிலோடு அனுப்புகிறேன்.