புரதத்தில் ஒட்டியது, அப்புறம்?

நச்சியல் கேள்வி - பதில்

கேள்வி: ஒரு ரசாயனம் நம் தோலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் 'தீங்கு உறுதியாகவில்லை' என்று ஒழுங்குமுறை அமைப்புகள் இழுத்தடிப்பது ஏன் அம்மா? யாரைக் காப்பாற்ற?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. அந்த ஒட்டுதலைப் பல வருடம் ஆய்வக மேசையில் அளந்தவள் நான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சோதனை பார்க்க எளிது. பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு மாதிரி. சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உள்ள சிறிய பெப்டைடு ஒரு குப்பியில், லைசின் என்ற அமினோ அமிலம் உள்ளது இன்னொன்றில். இரண்டிலும் ரசாயனத்தைக் கலந்து, வெளிச்சம் படாமல் 25 டிகிரியில் 24 மணி நேரம் வைப்போம். மறுநாள், கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றி, பெப்டைடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். சராசரி இழப்பு 6.38 சதவீதத்தைத் தாண்டினால், வினைபுரிகிறது என்று குறிப்போம். ஒருமுறை ஒரு மாதிரியில் சிஸ்டீன் பெப்டைடு பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. லைசின் குப்பியில் ஒரு மாற்றமும் இல்லை. சந்தேகம் வந்து வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தால், தள்ளி ஒரு புது பீக், அதாவது வேறொரு பொருளைக் காட்டும் முகடு. பெப்டைடுகள் தங்களுக்குள்ளேயே கந்தகப் பிணைப்பில் ஜோடி சேர்ந்திருந்தன. ரசாயனம் எதிலும் ஒட்டவில்லை, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிட்டிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கே அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தால், செய்யாத குற்றத்தை அதன் தலையில் கட்டியிருப்பேன்.

சரி, உண்மையிலேயே ஒட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது நோய் இல்லை. தோலின் மேல்புறச் செல்கள் அழற்சிச் சைகைகளை அனுப்ப வேண்டும். அதில் நோய் எதிர்ப்பு அமைப்பின் காவலாளிகளான டென்ட்ரிடிக் செல்கள் விழித்துக்கொண்டு, பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேதி சொல்ல வேண்டும். அங்கே டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் பெருக வேண்டும். இத்தனையும் நடந்து முடிந்து, இன்னொரு முறை அதே பொருள் படும்போதுதான் தோல் சிவந்து, கொப்பளித்து, அரிக்கும். இந்தச் சங்கிலியைத் 'தீங்கு விளைவுப் பாதை' என்கிறோம், ஆய்வகப் பேச்சில் ஏ.ஓ.பி. 2010-இல் வடிவம் பெற்ற கருத்து இது. பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி. 2012-இல் விரிவாக எழுதி வெளியிட்டது இந்தத் தோல் ஒவ்வாமைப் பாதையைத்தான்.

பட்ட அளவு குறைவாக இருந்தாலோ, செல் தன் தற்காப்பிலேயே சமாளித்துவிட்டாலோ சங்கிலி நடுவில் அறுந்துவிடும். அதனால்தான் ஒரு கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவதில்லை. 2021-இல் வந்த ஓ.இ.சி.டி. 497-ஆம் வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த முறை ஒன்று உண்டு. பெப்டைடு, மேல்தோல் செல், டென்ட்ரிடிக் செல் ஆகிய மூன்று கட்டங்களுக்கும் தனித்தனிச் சோதனை. அதில் இரண்டு ஒரே பதிலைச் சொன்னால் அதுவே முடிவு. ஒரு சுண்டெலியைக்கூடத் தொட வேண்டாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்த கலவை ஒவ்வாமை தருவது 1980-களிலேயே தெரியும். அப்படியிருந்தும் 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுசாதனங்களில் தனியாகவே, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்க அனுமதித்தது. அப்புறம் தோல் மருத்துவர்களிடம் நோயாளிகள் குவிந்தார்கள். பூசிவிட்டுக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். பாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நோயாளிகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: எலிக்குப் புற்றுநோய் வந்தால் மனிதருக்கும் வரும்தானே?

பதில்: பல சமயம் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சாக்கரின் கதை வேறு. அதை நிறையக் கொடுத்த ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்தன. 1977-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கினார்கள். பின்னால் படிப்படியாகத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. எலியின் சிறுநீரில் கால்சியம் பாஸ்பேட் துகள்கள் படிகின்றன, அவை பையின் உட்சுவரை அரிக்கின்றன, அரித்த இடத்தில் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன, கடைசியில் கட்டி. மனிதச் சிறுநீரின் தன்மை வேறு, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே நம்மிடம் விழுவதில்லை. 2000-இல் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலிலிருந்து சாக்கரினை எடுத்தார்கள், எச்சரிக்கை வாசகமும் போனது.

கேள்வி: ஒரு ரசாயனத்துக்குப் பாதையே வரையப்படவில்லை என்றால், பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்ட தாலிடோமைடு மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கத் தொடங்கியது 1961-இல். கருவில் அது செரிப்ளான் என்ற புரதத்தைப் பிடிக்கிறது என்று தெரிந்தது 2010-இல். கை கால் வளராமல் பிறந்த குழந்தைகளைப் பார்த்தவர்கள் அந்தப் புரதத்தின் பெயர் தெரியும்வரை காத்திருக்கவில்லை.