பழைய ஃபேமிகாமுக்குப் புது அடாப்டர்: பின் பொருந்தினால் மட்டும் போதாது

கேள்வி: என் அப்பா 1980களின் கடைசியில் ஜப்பானில் வேலை பார்த்தபோது வாங்கிய நின்டெண்டோ ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கன்சோல் வீட்டில் இருக்கிறது. அதை எப்போதும் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போடுவார். அது தெரியாமல் என் மகன் போன வாரம் அடாப்டரை நேராக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிட்டான். கருகிய வாடை வந்தது, அடாப்டர் போய்விட்டது. கன்சோல் ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது. பழைய வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று இருக்கிறது, பின்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதையே போடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். அந்த ரவுட்டர் அடாப்டரை இப்போதே கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் அடாப்டரின் லேபிளைப் பாருங்கள். ஹெச்விசி-002 என்று இருக்கும். ஜப்பானின் 100 வோல்ட் ஏசியை (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) வாங்கி 10 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடுவது), 850 மில்லி ஆம்ப் கொடுப்பதற்காகச் செய்தது அது. நம் ஊர் 230 வோல்ட் ஏறியதும் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் தாங்காமல் கருகிவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். ஆனால் தூக்கியும் போடாதீர்கள், லேபிளில் உள்ள விவரம் கடையில் காட்ட உதவும். ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது நல்ல செய்தி. கன்சோல் தப்பித்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, ரவுட்டர் அடாப்டர் ஏன் ஆகாது? முதல் காரணம், பிளஸ்-மைனஸ். ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் பின்னின் நடுவில் பிளஸ், வெளி உலோகத்தில் மைனஸ். ஃபேமிகாமுக்கு நேர் எதிர்: நடுவில் மைனஸ் வரவேண்டும். மாற்றிக் கொடுத்தால் உள்ளே உள்ள ரெகுலேட்டரும் கெப்பாசிட்டரும் அடிவாங்கும்.

இரண்டாவது, சூடு. ஃபேமிகாமுக்குள் 7805 என்ற ரெகுலேட்டர், வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. மிச்ச வோல்ட்டை அது சூடாகத்தான் கழிக்கும். கன்சோல் அரை ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட் அடாப்டரில் 2 வாட் சூடு, 12 வோல்ட்டில் மூன்றரை வாட். முப்பது வயதைத் தாண்டிய பொருளை எதற்கு அப்படி வேகவைக்க வேண்டும்?

ஆம்ப் கணக்கில் பயம் வேண்டாம். அண்டா நிறையச் சோறு இருந்தாலும் பசிக்கிற அளவுதானே சாப்பிடுகிறோம்? அடாப்டர் 1 ஆம்ப் என்றாலும் 2 ஆம்ப் என்றாலும் கன்சோல் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். 850 மில்லி ஆம்புக்குக் குறையாமல் இருந்தால் சரி.

இன்னொரு ஆபத்து, ஆன்லைனில் தேடும்போது காத்திருக்கிறது. அமெரிக்காவில் விற்ற என்.ஈ.எஸ் கன்சோலின் அடாப்டர் 9 வோல்ட்தான், பின்னும் ஃபேமிகாமில் நுழையும். ஆனால் அது தருவது ஏசி. என்.ஈ.எஸ்ஸுக்குள் ஏசியை டிசியாக்கும் பகுதி இருக்கிறது, ஃபேமிகாமில் அது இல்லை. ‘நின்டெண்டோ அடாப்டர்’ என்ற பெயரை நம்பி வாங்கிச் செருகினால் கன்சோல் போய்விடும். அவுட்புட்டில் டிசி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? நான் சொல்வது, கிதார் வாசிப்பவர்கள் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடலுக்குப் போடும் 9 வோல்ட் டிசி அடாப்டர். பெடல் உலகில் நடுவில் மைனஸ்தான் வழக்கம், பின் அளவும் அதே 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர். இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். சிலவற்றில் 500 மில்லி ஆம்ப்தான் இருக்கும், 1 ஆம்ப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இன்புட் 100-240 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் பெட்டியும் தேவையில்லை. 9 வோல்ட் போதுமா என்று தயங்க வேண்டாம், 7805-க்கு ஏழு வோல்ட்டுக்கு மேல் வந்தாலே வேலை நடக்கும். மிக மலிவான அடாப்டரைத் தவிர்த்துவிடுங்கள். அது தரும் இரைச்சல் டிவி படத்தில் கோடுகளாக ஓடும்.

வாங்கியதும் கன்சோலில் செருகாமல் முதலில் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை பின்னின் நடு ஓட்டையிலும், கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் தொடுங்கள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் -9 அல்லது அதையொட்டி வரவேண்டும். அந்த மைனஸ் குறிதான் நாம் தேடுவது. வெறும் 9 என்று வந்தால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் தடவை கேசட் இல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். ஃபேமிகாமில் பவர் விளக்கு கிடையாது, அதனால் எதுவும் எரியவில்லையே என்று பதற வேண்டாம். டிவியில் ஒரே நிறமாகத் திரை வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வாடை வந்தாலோ, பின்பக்கம் கைவைக்க முடியாத அளவு சுட்டாலோ உடனே பிடுங்கிவிடுங்கள். அப்படி ஆனாலும் பெரும்பாலும் 7805-உம் ஒரு கெப்பாசிட்டரும் மாற்ற வேண்டிவரும், அவ்வளவுதான். எந்த உதிரிபாகக் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சோல்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்.