பழைய தேவதைக் கதைகளை இன்றைய சிறுவர்களுக்காக மாற்றி எழுதுவது அவற்றைக் கெடுப்பதாகாதா?

நீங்கள் கேட்டு வளர்ந்த ஒரு கதை, குழந்தைக்காக அண்மையில் வாங்கிய புத்தகத்தில் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும் என்று ஊகிக்கிறேன். உங்கள் வருத்தம் நியாயமானதே. ஆயினும், பழங்கதைகளைச் சிறுவர்களுக்காகத் திருப்பி எழுதி வருபவன் என்ற முறையில், மாற்றுவதாலேயே ஒரு கதை கெட்டுவிடும் என்பதை என்னால் ஏற்க இயலாது.

நாம் மூலம் என்று நம்புவதே பலமுறை மாற்றப்பட்டதுதான். சிவப்புக் குல்லாச் சிறுமியின் கதையை 1697இல் அச்சேற்றிய பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ, அவளை ஓநாய் விழுங்குவதோடு கதையை முடித்துவிட்டார். வேட்டைக்காரர் ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்பது ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வருகிறது. அந்தச் சகோதரர்களும் 1812 முதல் 1857 வரை பதிப்புக்குப் பதிப்பு தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அவற்றுள் ஒன்று, பஞ்சத்தில் பெற்றோரால் காட்டில் கைவிடப்பட்டு, தங்களைச் சமைத்துத் தின்னப் பார்க்கும் சூனியக்காரியை அவளுடைய அடுப்பிலேயே தள்ளித் தப்பும் ஹான்சல் என்ற அண்ணன், கிரேட்டல் என்ற தங்கையின் கதை. அவர்களைக் காட்டில் விட்டுவரத் தூண்டியவள் முதற்பதிப்பில் அவர்களைப் பெற்ற தாய். 1840இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள்.

அந்தக் கதையைத்தான் ஒரு சிறுவர் நூல் வரிசைக்காக நான் எழுதினேன். பழி முழுவதும் அந்தப் பெண்ணின் மேல் விழ, மனைவியின் சொல்லுக்கு இணங்கிப் பிள்ளைகளைக் கைவிட்ட தந்தையோ இறுதியில் கண்ணீருடன் அவர்களை அணைத்துக்கொண்டு தப்பிவிடுவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்தது. ஆகவே என் வடிவத்தில், வீடு திரும்பும் கிரேட்டல் வாசலிலேயே நின்று, "எங்களை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்கிறாள், அவர் பதில் சொல்லியாக வேண்டும். பஞ்சத்தையும் காட்டையும் சூனியக்காரியின் அடுப்பையும் அப்படியே வைத்திருந்தேன்.

பதிப்பகம் கேட்டது வேறு. பிள்ளைகள் விளையாடும்போது வழிதவறியதாகவும், சூனியக்காரி மனம் திருந்தி மன்னிப்புக் கேட்பதாகவும் மாற்றித் தரச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், நூலும் அங்கே வெளிவரவில்லை. பின்னர் ஒரு வாசிப்பு வகுப்பில் அதே கைப்பிரதியைப் படித்துக் காட்டியபோது, அடுப்பைக் கண்டு எந்தக் குழந்தையும் மிரளவில்லை. ஒரு சிறுமி மட்டும், "மறுபடியும் பஞ்சம் வந்தா அப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டாள். பஞ்சத்தையே நீக்கியிருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியிருக்குமா?

வன்முறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியில்லை. சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் முடிவை மிகச் சிறிய குழந்தைகளுக்கு நானும் சொல்வதில்லை. அதுவும் கிரிம் சகோதரர்கள் 1819 பதிப்பில் சேர்த்ததே. அதை விட்டாலும் கதை நிற்கிறது. ஆனால் ஹான்சல், கிரேட்டல் கதையில் கைவிடப்படுதலை நீக்கினால், அவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதற்கு அங்கே காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய நூல்கள் பலவற்றில் மறுபடி எழுதியவரின் பெயரே இருப்பதில்லை. எந்த வடிவத்தைத் தழுவியது என்ற குறிப்பும் இருப்பதில்லை. உங்கள் கையிலுள்ள புத்தகமும் அப்படி இருந்தால், பதிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எழுதுகிறவர்கள் கேட்டால் பொருட்படுத்தாதவர்கள், வாங்குகிறவர்கள் கேட்டால் செவிசாய்க்கக்கூடும்.