சின்ன வயசு கார்ட்டூன் ஏன் மறப்பதில்லை? கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்பவர் டப்பிங், ஒலிச்சேர்க்கை தெரிந்த நம் உறுப்பினர் 'ஒலிப்பேழை'. லிங்க் கேட்டால் பதில் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்.

மாயவரத்தான்: சார், சுட்டி டிவியில் வந்த 'டோராவின் பயணங்கள்' கதை ஒன்றுகூட நினைவில்லை. "குள்ளநரி திருடக் கூடாது" மட்டும் போக மாட்டேங்குது. ஏன்?

கதை தினம் மாறியது, அந்த வரி மாறவில்லை. அதுவும் மூன்று தடவை சொல்ல வேண்டும். டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாளே, அந்த இடைவெளி குழந்தை வாய்விட்டுச் சொல்வதற்காகத் திட்டமிட்டே விடப்பட்டது. காதில் விழுந்ததைவிட வாயால் சொன்னது நன்றாகத் தங்கும். இதற்கு வழி காட்டியது, டோராவை எடுத்த அதே நிக்கலோடியன் சேனலின் 'ப்ளூஸ் க்ளூஸ்' தொடர். 1996-இல் தொடங்கியபோது ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாளும் போட்டார்கள். முதல் நாள் வாய் பார்த்த பிள்ளைகள், வாரக் கடைசியில் திரையை முந்திக்கொண்டு பதில் கத்தினார்கள். பெரியவர்களுக்குச் சலிப்பு தரும் மறுஒளிபரப்புதான் பிள்ளைகளுக்கு மனப்பாடப் பயிற்சி.

பூங்குருவி: எனக்கு 2 வயசுல பார்த்த கார்ட்டூன்கூட ஞாபகம் இருக்கே?

பிறகு வந்த மறுஒளிபரப்பாக இருக்கும். 3 வயசுக்கு முந்தைய நிகழ்வு பெரியவர்களிடம் தங்குவது அபூர்வம்.

கொங்குத்தம்பி: அண்ணா, டாம் அண்ட் ஜெர்ரியில் சிலது மட்டும் சின்ன வயசுல ஏனோ பயமா இருந்தது. இப்பவும் அந்த உணர்வு போகலை.

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது அநேகமாக 1961–62இல் இயக்குநர் ஜீன் டைச் பிராகாவில் எடுத்த 13 படங்கள். அதற்கு முன் 1940 முதல் 1958 வரை இந்த ஜோடியைப் படைத்த ஹன்னாவும் பார்பெராவும் 114 எடுத்தார்கள், 7 ஆஸ்கர் வாங்கினார்கள். அவற்றுக்கு ஸ்காட் பிராட்லி இசை. டாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இசைக்குழுவும் கூடவே அடி வைக்கும். டாமின் அலறல் பெரும்பாலும் வில்லியம் ஹன்னாவின் சொந்தத் தொண்டை. பிராகா குழு பழைய படங்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருந்தது, பணமும் குறைவு. இசை அசைவோடு ஒட்டவில்லை, சத்தத்துக்கெல்லாம் கிணற்றுக்குள் கேட்பது போல எதிரொலி சேர்த்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வகையிலும் ஒவ்வொன்று கேளுங்கள். பயம் படத்தில் இல்லை, அந்த எதிரொலியில் இருக்கிறது.

சுட்டிப்பையன்: பழைய ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழ் டப்பிங் எங்கே கிடைக்கும்?

மேலே அறிவிப்பு இருக்கிறது.

தேனிக்காரி: ஒலி ஒலின்னே சொல்றீங்க. ஜாக்கி சான் மனசில் நின்றது கதையால்தானே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். முதல் பருவத்தில் 12 தாயத்து, 12 சீன ராசி மிருகம், ஆளுக்கொரு சக்தி. முயலுக்கு வேகம், எருதுக்குப் பலம், பாம்புக்கு மறைவு, சேவலுக்கு மிதப்பு, குதிரைக்குக் குணமாக்கல், நாய்க்குச் சாகா வரம். எண்ணலாம், பங்கு பிரிக்கலாம், தெருவில் விளையாடலாம். விளையாட்டாக மாறும் கதை தங்கும். ஆனால் எந்தத் தாயத்து எந்த அத்தியாயத்தில் கிடைத்தது என்று கேட்டால் முழிப்பீர்கள். அதில் வரும் மாமாவின் மந்திரத்தைக் கேட்டால் உடனே பாடுவீர்கள்.

வடபழனி வாசு: இப்போ ஓடிடியில் பார்த்தா டைட்டில் பாட்டு மந்தமா, குரல் தடிச்சுக் கேட்குது. மாத்திட்டாங்களா?

மாற்றியது அன்றைக்கு! சினிமாப் படச்சுருள் நொடிக்கு 24 பிரேம், நம் ஊர் டிவி (PAL என்ற ஒளிபரப்பு முறை) 25. பல பிரிண்டுகளை அப்படியே 25இல் ஓட்டிவிட்டார்கள். 4 சதவீதம் வேகம் கூடும், சுருதி முக்கால் அரைச்சுரம் ஏறும். 22 நிமிட அத்தியாயம் 21 நிமிடம் 7 நொடியில் முடிந்துவிடும். சோதிக்க, பழைய பதிவின் நீளத்தையும் புதியதின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். வெட்டு எதுவும் இல்லாமல் இரண்டும் ஒன்றாக இருந்தால் காரணம் வேறு. பழையது குறைவாக இருந்தால் அதற்கு நகல் எடுத்து அதில் மட்டும், ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' போய் 0.96 கொடுங்கள். 'சேஞ்ச் டெம்போ' வேண்டாம், அது சுருதியை இறக்காது. அசலில் கை வைக்காதீர்கள்.

தேனிக்காரி: இதெல்லாம் சும்மா. வயசானா எல்லாருக்கும் பழசுதான் இனிக்கும்.

முக்கால் அரைச்சுரம் மனப்பிரமை இல்லை, ஆர்மோனியத்தில் வைத்துப் பாருங்கள். அடிக்கடி கேட்டதே பிடித்துப்போகும் என்பது உண்மைதான், உளவியலாளர் சையான்ஸ் 1968-லேயே எழுதிவிட்டார். அதனால்தான் நீங்கள் பழகிய அந்தத் தவறான சுருதி உங்களுக்குச் சரியாகத் தோன்றுகிறது.

வடபழனி வாசு: 0.96 போட்டேன். பாட்டு சரியாச்சு, தமிழ்க் குரல் எல்லாம் ராட்சசன் மாதிரி ஆயிடுச்சு!

அப்படித்தான் ஆகும். டப்பிங்குக்கு வசனம் இல்லாத இசை, சத்தத் தடம் தனியாக வரும். ஏற்கெனவே வேகம் கூடிய தடத்தின்மேல் நம் ஆட்கள் இயல்பான குரலில் பேசிப் பதிந்திருக்கிறார்கள். இப்போது இரண்டையும் சேர்த்து இறக்கினால் குரல் கெடும். கலந்துவிட்டதைப் பிரிப்பது லேசில்லை. விட்டுவிடுங்கள்.

சுட்டிப்பையன்: சார் அந்த ஜாக்கி சான்...

இல்லை.

தேனிக்காரி: அப்போ புதுசா டப் பண்ணினவங்க குரல் மோசம்னு சொல்றது அநியாயம்தானே?

அநியாயம்தான். 8 வயசுக் காதில் முதலில் விழுந்தவர் யாரோ அவரே அசல். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நெல்லை நாகு: டிவியிலிருந்து வீடியோ கேசட்டில் பதிஞ்ச கார்ட்டூன் இருக்கு. எப்படிக் காப்பாத்துறது?

முதலில் கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், மேலே யாரும் பதிய முடியாது. மூடியைத் திறந்து நாடாவின் ஓரம் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சை. விசிஆரில் போடவே கூடாது, ஹெட் கெட்டு அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், இழுவை சீராகும். பிறகு கணினியில் பதியும்போது 720×576, 25 பிரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இன்டர்லேஸை (ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துக் காட்டுவது) அப்படியே விடுங்கள். இரைச்சல் நீக்குவதும் கூர்மையாக்குவதும் இரண்டாம் நகலில்தான். இடையில் வரும் விளம்பரத்தையும் வெட்ட வேண்டாம், எந்த வருடப் பதிவு என்று அதை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம்.